நாற்பது ஆண்டுகள் காத்திருந்த எண்

சென்ற பருவத்தில் எங்கள் கணித வகுப்பில் ஒரு சிறு தேர்வு நடந்தது. 2,047 பகா எண்ணா, பகு எண்ணா என்பது அதில் ஒரு வினா. நான் சிறிதும் தயங்கவில்லை. 2-இன் 11-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் 2,047 வரும் என்பது எனக்குத் தெரியும். 2-இன் 2, 3, 5, 7 ஆகிய அடுக்குகளில் 1 குறைத்தால் முறையே 3, 7, 31, 127 கிடைக்கின்றன. நான்கும் பகா எண்கள். 11-உம் பகா எண்தானே! எனவே 2,047-உம் பகா எண்ணே என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குத் தாவினேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த வரியின் மேல் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. பக்கத்தில் 23 × 89 என்று மட்டும் எழுதியிருந்தது.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் சென்று தலைகுனிந்து நின்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. இது போன்ற பிழையை ஆய்லரும் ஒருமுறை செய்திருக்கிறார், நூலகத்தில் தேடிப் படித்துப் பார் என்று சொல்லிச் சென்றுவிட்டார்.

எனக்கு வியப்புத் தாங்கவில்லை. லியோனார்டு ஆய்லரா? எங்கள் பாடநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற பெயர் அல்லவா அது? சார்பு என்பதை நாம் இன்று குறிக்கும் குறியீடு அவர் தந்தது. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் பை என்னும் எழுத்தை உலகெங்கும் பரவச் செய்தவர் அவர். பன்முகத் திண்மங்களின் முனைகள், விளிம்புகள், முகங்கள் ஆகியவற்றை இணைக்கும் சூத்திரமும் அவருடையதே. அப்படிப்பட்டவர் என்னைப் போலவா பிழை செய்தார்? நூலகத்தில் சில மாலைப் பொழுதுகளைக் கழித்தேன். அங்கே நான் கண்டது ஒரு பிழையின் கதை மட்டும் அன்று. ஒரு மனிதரும் ஒரு பத்து இலக்க எண்ணும் நாற்பது ஆண்டுகள் பழகிய வரலாறு அது. அதை என் உடன்பயிலும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எண்ணின் கதை

அந்த எண் 2,14,74,83,647. சொற்களில் கூறினால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஏழு. 2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் கிடைப்பது இதுவே.

இத்தகைய எண்களின் மீது அறிஞர்களுக்கு ஏன் இத்தனை நாட்டம்? அதற்கு நாம் பண்டைய கிரேக்கத்துக்குச் செல்ல வேண்டும். 6 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். தன்னைத் தவிர அதன் காரணிகள் 1, 2, 3. அவற்றைக் கூட்டினால் மீண்டும் 6 வருகிறது. 28-இன் காரணிகளான 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினாலும் 28 வருகிறது. இவற்றை நிறைவெண்கள் என்பர். 2-இன் ஓர் அடுக்கில் 1 குறைத்துக் கிடைப்பது பகா எண்ணாக இருந்தால், அதிலிருந்து ஒரு நிறைவெண்ணைப் படைக்கலாம் என்று யூக்ளிட் நிறுவினார். 3-இலிருந்து 6-உம், 7-இலிருந்து 28-உம், 31-இலிருந்து 496-உம், 127-இலிருந்து 8,128-உம் பிறக்கின்றன.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகவே இருக்கும். அடுக்கு பகா எண்ணாக இருந்தாலோ விடை எப்படியும் இருக்கலாம். நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். பெரியவர்களும் இங்கே வழுக்கியிருக்கிறார்கள். இத்தாலிய அறிஞர் கத்தால்டி 17, 19 ஆகிய அடுக்குகளை முறையாக ஆராய்ந்து அவை பகா எண்களைத் தருகின்றன என்று காட்டினார். அத்துடன் நில்லாமல் 23, 29, 31, 37 ஆகியவையும் அப்படியே என்று 1603-இல் எழுதினார். அவற்றுள் 31 ஒன்றே சரியானது. 1644-இல் பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதிலும் 31 இடம்பெற்றது. ஆனால் மெர்சென் சான்று எதையும் தரவில்லை. அவருடைய பட்டியலில் 67, 257 ஆகிய இரண்டும் தவறு என்றும், 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டுவிட்டன என்றும் பின்னாளில் தெரியவந்தது. 31-ஐப் பற்றி இருவர் சொல்லிவிட்டார்கள், ஒருவரும் நிறுவவில்லை.

பாசெல் நகரத்து மாணவர்

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஆய்லர் பிறந்தார். தந்தை பவுல் ஆய்லர் கிறித்தவ சமயப் போதகர். மகனும் தம்மைப் போலவே போதகராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். எனினும் அவர் இளமையில் புகழ்பெற்ற யாக்கோப் பெர்னூலியிடம் கணிதம் பயின்றவர். ஆகவே மகனுக்குக் கணிதத்தின் முதற்பாடங்களை வீட்டில் தாமே கற்பித்தார்.

பதின்மூன்று வயதில் ஆய்லர் பாசெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே யாக்கோபின் தம்பி யோஹான் பெர்னூலி பேராசிரியராக இருந்தார். ஐரோப்பாவின் தலைசிறந்த கணித அறிஞர்களுள் ஒருவரான அவருக்குத் தனியே பாடம் சொல்லித்தர நேரம் இல்லை. கடினமான நூல்களைக் குறிப்பிட்டு, நீயே படி, விளங்காத இடங்களைச் சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேள் என்று சொன்னார். ஆய்லரோ, கேட்க வேண்டிய ஐயங்கள் மிகக் குறைவாக இருக்கும்படி வாரம் முழுவதும் முயன்று படித்தார். தாமே படித்துத் தாமே தெளியும் அந்தப் பழக்கம் பிற்காலத்தில் அவருக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதை நாம் காண்போம். மகனின் வழி கணிதமே என்று தந்தையை இசையவைத்தவரும் யோஹான் பெர்னூலியே.

சொந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை. ரஷ்யாவின் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாக ஓர் அறிவியல் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. யோஹானின் மகன் டேனியல் பெர்னூலி அங்கே பணியாற்றினார். அவர் முயற்சியால் அழைப்பு வந்தது. 1727-இல், இருபது வயது நிரம்பும் நேரத்தில் ஆய்லர் பாசெலை விட்டுப் புறப்பட்டார். அதன்பின் அவர் தாயகம் திரும்பவே இல்லை.

641

பீட்டர்ஸ்பர்க் கழகத்தின் வழியே அவருக்குக் கிறிஸ்டியன் கோல்ட்பாக் என்னும் நண்பர் கிடைத்தார். 1729 டிசம்பரில் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் ஃபெர்மாவின் கூற்று ஒன்றை நினைவூட்டினார். 2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுடன் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். இப்படியே அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் கிடைப்பவை எல்லாம் பகா எண்களே என்பது ஃபெர்மாவின் நம்பிக்கை. அடுத்த எண் 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 சேர்ந்தது, அதாவது 4,29,49,67,297. அதை வகுத்துப் பார்த்தவர் எவரும் இல்லை.

ஆய்லர் வகுத்துப் பார்த்தார். 641-ஆல் அது மீதியின்றி வகுபட்டது. ஈவு 67,00,417. ஃபெர்மாவின் நம்பிக்கை பொய்த்தது. இதற்காக ஆய்லர் 3, 5, 7 என்று தொடங்கி எல்லா எண்களையும் முயன்றார் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்று அவர் பிற்காலத்தில் நிறுவிக் காட்டினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரிசையாக வரும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை வந்துவிடுகிறது. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு தேடுவதே கணிதம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இந்தக் கண்டுபிடிப்பை ஆய்லர் 1732-இல் கழகத்தின் முன் ஒரு கட்டுரையாக வைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நான் தேடிச் சென்ற பிழை அதே கட்டுரையில்தான் இருக்கிறது! ஃபெர்மாவின் தவறைச் சுட்டிய அதே கையால், நிறைவெண் தரும் அடுக்குகளின் பட்டியல் ஒன்றையும் அவர் எழுதினார். 2, 3, 5, 7, 13, 17, 19 ஆகியவற்றோடு 31, 41, 47 ஆகிய மூன்றையும் சேர்த்தார். சான்று தரவில்லை. 2-இன் 41-ஆம் அடுக்கில் 1 குறைத்து வரும் எண் 13,367-ஆல் வகுபடும். 47-ஆம் அடுக்கில் 1 குறைத்து வரும் எண் 2,351-ஆல் வகுபடும். இரண்டும் தவறு. எஞ்சிய 31?

அது சரி என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் அன்று ஆய்லருக்குத் தெரியாது. 41, 47 ஆகியவற்றை எப்படிச் சொன்னாரோ அப்படித்தான் 31-ஐயும் சொன்னார். விடை சரியாக அமைந்துவிட்டதனால் அது அறிவு ஆகிவிடுமா? இந்தக் கேள்வி என்னை வெகுநேரம் விடவில்லை. தேர்வில் 2,047-க்குப் பதிலாக 8,191 கேட்கப்பட்டிருந்தால், 13-ஆம் அடுக்கு என்பதனால் நான் பகா எண் என்று எழுதியிருப்பேன். முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். என் அறியாமை மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

பெர்லினிலிருந்து ஒரு மடல்

பீட்டர்ஸ்பர்க்கில் ஆய்லரின் வாழ்வு மலர்ந்தது. 1734-இல் ஓவியர் ஒருவரின் மகளான கத்தரினா கிசெலை மணந்தார். பதின்மூன்று குழந்தைகள் பிறந்தனர். ஐவர் மட்டுமே குழந்தைப் பருவத்தைக் கடந்தனர். அடுத்தடுத்து எட்டுச் சிறு சவப்பெட்டிகளைக் கண்ட வீடு அது. 1, 4, 9, 16 என்னும் வர்க்க எண்களின் தலைகீழிகளை முடிவின்றிக் கூட்டினால் வரும் தொகை பையின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்று 1735-இல் கண்டறிந்தபோது அவர் பெயர் ஐரோப்பா எங்கும் பரவியது. அதே ஆண்டில் கடுங்காய்ச்சல் அவரை வாட்டியது. 1738 அளவில் வலக்கண்ணின் பார்வை போயிற்று. நாட்டுப்படங்கள் வரையும் கழகத்துப் பணியே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார்.

1741-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் அழைப்பை ஏற்றுக் குடும்பத்துடன் பெர்லின் சென்றார். அங்கே இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். மன்னருக்கோ கவிதையும் நகைச்சுவைப் பேச்சும் வல்ல பிரெஞ்சு அறிஞர்களிடமே விருப்பம். பகட்டில்லாத, சமயப்பற்று மிகுந்த, சொல்லலங்காரம் அறியாத இந்தக் கணிதரைக் கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனோடு ஒப்பிட்டு அவர் தம் கடிதங்களில் கேலி செய்தார். ஆய்லர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இக்காலத்தில்தான் நம் எண் இரண்டாம் முறையாக வருகிறது. 1752 அக்டோபரில் ஆய்லர் ரஷ்யாவில் இருந்த கோல்ட்பாக்குக்கு ஒரு மடல் எழுதினார். தாம் அறிந்த நிறைவெண்கள் ஏழு மட்டுமே என்று அதில் குறிப்பிட்டார். அவை 2, 3, 5, 7, 13, 17, 19 ஆகிய அடுக்குகளிலிருந்து வருபவை. இருபது ஆண்டுகளுக்கு முன் சேர்த்த 41-உம் 47-உம் இப்போது இல்லை. 31-உம் இல்லை! 2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைத்து வரும் எண் பகா எண்தானா என்பது தமக்கு உறுதியாகத் தெரியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

நண்பர்களே, இந்த மடலை நான் பெரிதாக மதிக்கிறேன். அப்போது ஆய்லருக்கு வயது நாற்பத்தைந்து. ஐரோப்பாவில் அவருக்கு ஈடான கணிதர் எவரும் இல்லை. அவர் சொன்னால் அது உண்மை என்று ஏற்க உலகம் காத்திருந்தது. அந்நிலையில் இருந்தவர், தாம் முன்பு அச்சிட்டுச் சொன்ன ஒன்றைத் தெரியவில்லை என்று திருப்பி எடுத்துக்கொண்டார். அதுவும் சரியான ஒன்றை! சரியான விடையைக்கூட, சான்று இல்லை என்பதற்காகக் கைவிட எத்தனை பேருக்கு மனம் வரும்?

இருள் சூழ்ந்த ஆண்டுகள்

1766-இல் பேரரசி இரண்டாம் கத்தரீன் அழைக்க, ஆய்லர் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். வந்த சில காலத்திலேயே இடக்கண்ணில் புரை படர்ந்தது. எழுத்துகள் மங்கின. முகங்கள் மங்கின. அவர் தளரவில்லை. பெர்லினிலிருந்து உடன் வந்த ஓர் இளைஞரை அமர்த்தி, இயற்கணிதம் பற்றிய நூல் ஒன்றைச் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். அந்த இளைஞர் தையல் வேலை பழகியவர், கணிதம் அறியாதவர். எழுதி முடிக்கும்போது அவரே கடினமான கணக்குகளைப் போடும் அளவுக்குத் தேறிவிட்டார் என்று அந்நூலின் முன்னுரை கூறுகிறது. 1770-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அந்த நூல் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டது.

1771-ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துன்பம் தந்த ஆண்டு. நகரில் பரவிய தீ அவர் வீட்டையும் பற்றியது. கண் தெரியாத முதியவர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார். பாசெலைச் சேர்ந்த பீட்டர் கிரிம் என்னும் தொழிலாளி நெருப்புக்குள் புகுந்து அவரைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார். கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதி தப்பியது. வீடு எரிந்து போயிற்று. அதே ஆண்டில் கண்ணில் அறுவை மருத்துவம் நடந்தது. பார்வை வந்தது. எத்தனை மகிழ்ந்திருப்பார்! ஆனால் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கண்ணில் நச்சுத்தொற்று ஏற்பட்டுச் சிறிது காலத்துக்குள் பார்வை முற்றிலும் அவிந்தது.

இனி என்ன செய்வார் என்று உலகம் நினைத்திருக்கலாம். அவர் வாழ்நாளில் எழுதிய எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நூல்களிலும் கட்டுரைகளிலும் ஏறத்தாழப் பாதி, இரண்டாம் முறை ரஷ்யா வந்தபின் உருவானவை. மகன் யோஹான் ஆல்பிரெக்ட், லெக்ஸெல், பின்னர் வந்த நிக்கோலாஸ் ஃபூஸ் முதலியோர் அவருக்குக் கண்களாகவும் கைகளாகவும் இருந்தனர். அவர் மனத்தில் கணித்துச் சொல்வார், அவர்கள் எழுதுவார்கள். வர்ஜில் என்னும் ரோமானியக் கவிஞரின் காவியம் முழுவதும் அவருக்கு மனப்பாடம் என்பர். பெரிய எண்களையும் அவ்வாறே மனத்தில் ஏந்தி நிற்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது.

எண்பது வகுத்தல்கள்

1772. ஆய்லருக்கு வயது அறுபத்தைந்து. பெர்னூலி குடும்பத்தவர் ஒருவருக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் நம் எண் மூன்றாம் முறையாக வருகிறது. இம்முறை ஊகம் இல்லை, ஐயமும் இல்லை. 2,14,74,83,647 பகா எண்ணே என்று தாம் கண்டுகொண்டதை அவர் தெரிவித்தார். எப்படி என்பதையும் சொன்னார்.

அந்த வழியை நம் வகுப்பில் பயிலும் கணிதத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஓர் எண்ணுக்குக் காரணி இருக்குமானால், அதன் வர்க்கமூலத்துக்குள் ஒன்றாவது அகப்படும். இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அதற்குள் 4,700-க்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது ஒருவருடைய பொறுமைக்கு அப்பாற்பட்டது.

இங்கேதான் ஆய்லரின் சல்லடை வருகிறது. முதலாவதாக, ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி, இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் 31-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அது ஒற்றைப்படை எண் என்பதால் 62-ஆல் வகுத்தாலும் மீதி 1-தான். இரண்டாவதாக, 2 என்பது அக்காரணியைப் பொறுத்து ஒரு வர்க்க மீதியாக அமைவதால், காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். 46,340-க்குள் அப்படிப்பட்டவை நானூறுகூட இல்லை. அவற்றுள்ளும் பகு எண்களைத் தள்ளிவிட்டால் எஞ்சுபவை ஏறத்தாழ எண்பது. 4,700 எண்பதாகக் குறைந்துவிட்டது!

ஆயினும் அந்த எண்பதையும் வகுத்துத்தானே ஆக வேண்டும்? அதன் பாடு எத்தகையது என்று அறிய எனக்கு ஆவல் உண்டாயிற்று. ஓர் இரவு விடுதி அறையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கைபேசியை எட்ட வைத்துவிட்டேன். முதலில் வருவது 311. வகுத்தேன். ஈவு 69,05,092, மீதி 35. அடுத்தது 1,303. இதில் முதன்முறை இடையே ஓர் இலக்கத்தைத் தவறவிட்டேன். சரிபார்த்தபோது ஒத்துவரவில்லை. மீண்டும் தொடக்கத்திலிருந்து வகுத்தேன். ஈவு 16,48,107, மீதி 226. மூன்றாவது 1,489. ஈவு 14,42,232, மீதி 199. அத்துடன் பேனாவை வைத்துவிட்டேன். இரு கண்ணும் நன்றாகத் தெரிகிற எனக்கு மூன்றுக்கு மேல் பொறுமை இல்லை.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்றும் விளங்கியது. 641-ஐத் தேடியபோது ஆய்லருக்கு ஒரு பரிசு காத்திருந்தது. மீதி இல்லாமல் வகுபட்ட அந்த நொடியே அவர் வென்றார். 31-ஆம் அடுக்கிலோ அப்படி ஒரு நொடி இல்லை. ஒவ்வொரு வகுத்தலிலும் மீதி வரும். இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்று கடைசி எண் வரை போக வேண்டும். நடுவில் ஒரு கணக்குப் பிழைத்தாலும் அத்தனை உழைப்பும் ஐயத்துக்கு உள்ளாகும். இறுதியில் கையில் கிடைப்பதோ, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாமே எழுதிய அதே விடை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் மாறவில்லை. ஆனால் முன்பு அது வெறும் சொல். இப்போது அது உண்மை. இந்த வேறுபாட்டுக்காக உழைத்தவர், தம் கையால் எழுதிய எண்ணையே காண முடியாத ஒரு முதியவர்.

இறுதி நாள்

1773-இல் மனைவி கத்தரினா இறந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், அவருடைய தந்தைக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த தங்கையை ஆய்லர் மணந்தார். பணி நிற்கவில்லை. 1775-ஆம் ஆண்டில் வாரத்துக்கு ஒரு கட்டுரை என்னும் அளவில் எழுதிக் குவித்தார்.

1783 செப்டம்பர் 18. அன்று காலை பேரப்பிள்ளைக்குக் கணிதம் சொல்லித்தந்தார். அவ்வாண்டு பிரான்சில் புதிதாகப் பறக்கவிடப்பட்ட வெப்பக்காற்றுக் கூண்டுகள் எத்துணை உயரம் எழும் என்று கணக்கிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றி லெக்ஸெலுடன் உரையாடினார். மாலையில் மூளையில் குருதி கசிந்து நினைவிழந்தார். அன்றிரவே உயிர் பிரிந்தது. அவர் விட்டுச்சென்ற கட்டுரைகளை அச்சிட்டு முடிக்கப் பீட்டர்ஸ்பர்க் கழகத்துக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

எண் இன்றும் வாழ்கிறது

அவருடைய எண்ணிலிருந்து பிறக்கும் எட்டாவது நிறைவெண் 2305843008139952128. பத்தொன்பது இலக்கங்கள் கொண்டது. 1811-இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி எவரும் காணப்போவதில்லை, பயனற்ற இவற்றை எவர் தேடப்போகிறார்கள் என்ற கருத்தில் எழுதினார். இரண்டும் பொய்த்தன. 1876-இல் பிரான்சின் எதுவார் லூக்கா 127-ஆம் அடுக்கிலிருந்து வரும் முப்பத்தொன்பது இலக்க எண் பகா எண் எனக் காட்டினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இவ்வகைப் பகா எண்ணோ 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து வருவது. அதில் நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன.

ஆய்லரின் எண் மற்றோர் இடத்திலும் வந்து அமர்ந்திருக்கிறது. கணிப்பொறிகளில் முழு எண்ணைப் பதிய 32 இடங்கள் ஒதுக்கும் முறை ஒன்று உண்டு. கூட்டல், கழித்தல் குறிக்கு ஓர் இடம் போக 31 இடங்கள் எஞ்சும். அவற்றில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647-தான். 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து நொடிகளை எண்ணி வரும் இம்முறைக் கணிப்பொறிகள் 2038 ஜனவரி 19 அன்று, நம் நாட்டு நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இந்த எண்ணைத் தொடும். அதற்கு மேல் ஒரு நொடியைக்கூட அவற்றால் எண்ண முடியாது. அதற்குள் அவற்றை மாற்றியமைக்கும் வேலை நடந்துவருகிறது.

என் பழைய விடைத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஆய்லரின் சல்லடையைக் கற்ற பிறகு அதை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 2,047 என்பது 11-ஆம் அடுக்கிலிருந்து வருவது. ஆகவே அதன் காரணியை 22-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட முதல் பகா எண் எது? 23. ஒரே ஒரு வகுத்தலில் உண்மை தெரிந்திருக்கும். அந்த ஒரு வகுத்தலைச் செய்ய எனக்கு அன்று தோன்றவில்லை. அண்மையில் நடந்த தேர்வில் ஓர் எண்ணைப் பகா எண் என்று எழுத நேர்ந்தது. வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்து, வந்த மீதிகளை எல்லாம் விடைக்குக் கீழே வரிசையாக எழுதினேன். மதிப்பெண் அதே இரண்டுதான். ஆனால் விடைத்தாளைப் பேராசிரியர் கையில் கொடுக்கும்போது என் தலை குனியவில்லை.